மாசானம் போட்ட கையெழுத்து

முதலில் அநியாயம் செய்தவன் மாசானம். எங்கே நிறுத்திக் கேட்டாலும் ஆவுடையப்பன் இதையே அடித்துச் சொல்வார்.

மாசானம் அவருடைய ஒரே தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்தபோது, மூத்தவர் வெளியூரில் வாழைத்தார் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேருமுன் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். பொழுது சாய்ந்துவிட்டது, ஊர் அவசரப்படுத்தியது என்றான். அன்றைக்கு நின்றது பேச்சு. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இரண்டாவது அநியாயம் போன தை மாதம். ஆவுடையப்பனின் மனைவி செல்லக்கனிக்கு மார்பில் புற்று என்று கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்தார்கள். எடுக்கலாம் என்று தாளில் கையெழுத்துப் போட்டவன் மாசானம். கட்டின புருஷன் உயிரோடு இருக்கும்போது.

மலையடியில் ஒரு மடம் இருந்தது. ஆறு வருஷமாக ஆவுடையப்பன் அங்கே சீடர். விறகு பிளப்பார், சொன்ன இடத்தில் உட்காருவார். குரு பிரமநாயகி அம்மாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அந்த அம்மாளுக்கும் முன்பு இதே நோய், இதே கத்தி. அப்படிப்பட்ட பெண்கள் மடத்துக்கு வருவார்கள். எடுத்த பக்கம் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள, அம்மாள் அவர்களுக்குத் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பார்.

அந்தச் சனிக்கிழமை ஆவுடையப்பன் வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, ஒரே கேள்வி."

"கேளுங்க."

"திங்கக்கெழமையில இருந்து அவளுக்குக் கரண்ட் வைக்கணுமாம், அதான் அந்தக் கதிர்வீச்சு. இருபத்தஞ்சு நாள். அந்தப் பய மாசானம் ஓட்டுற ஆட்டோவுலதான் போவாளாம். ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவன் வந்து என் கால்ல விழட்டும், அப்புறம் ஏறட்டும். நான் சொன்னது தப்பா?"

அம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து என்னைக்குப் போட்டாரு?"

"தை பதினெட்டு. காலைல பத்தே கால். தாளையே பார்த்தேன். நீல மை. பேனாகூட அவனுது இல்ல, வாட்ச்மேன்கிட்ட வாங்கினது."

"நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க."

"சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அம்மாள் தைத்து முடித்த இரண்டு பஞ்சு மெத்தைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இரண்டும் அக்குள் பக்கமாக ஒடுங்கி வளைந்திருந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

"வீட்டம்மாவுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க. இது இடது, இது வலது."

நீண்ட கை பாதியில் நின்றது.

"ரெண்டையும் குடுங்கம்மா."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணைத்தானே எடுத்தாங்க?"

ஆவுடையப்பனுக்குக் காது சுட்டது.

"அவ காட்டலை. சேலையை இழுத்து இழுத்துப் போத்திக்கிடுதா."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவள்ல சொல்லணும்! நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு கேக்கீங்க."

"கேட்டுட்டு வாங்க" என்று அம்மாள் இரண்டையும் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

வழியெல்லாம் அவர் தம்பியைத் திட்டினார். பிறகு, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, குருவையும் கொஞ்சம் திட்டினார்.

செல்லக்கனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டிப்போன தலையில் புது முடி ஒரு விரல்கடை அளவு முளைத்திருந்தது. அவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"எது?"

"ஆபரேஷன் பண்ணி எடுத்தது."

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ஏழு மாசம் கழிச்சுக் கேக்கீங்க. அடுத்த வீட்டு ஆடு நொண்டினாக்கூட எந்தக் காலுன்னு அன்னைக்கே கேப்பீங்க."

"மடத்தம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அதானே பார்த்தேன்."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லலை? அவன்கிட்ட சொன்னே, அவன் பொண்டாட்டிகிட்ட சொன்னே. அப்போ நான் யாரு?"

"சொல்ல வரலைன்னு யாரு சொன்னா? கட்டி தட்டுப்பட்ட அன்னைக்கு, சோத்தை வச்சிட்டு 'இங்க பாருங்க'ன்னேன். 'அவன் தென்னமட்டை நம்ம ஓட்டுல கெடக்கு, அதை நீ பாரு'ன்னீங்க. மறுநாளும் வாயெடுத்தேன். கொள்ளிக் கதையை ஆரம்பிச்சிட்டீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அதுக்காக? அவனா கையெழுத்துப் போடுவான்?"

"என்னை உள்ள கூட்டிட்டுப் போக நிக்காங்க. புருஷன் எங்க, புருஷன் எங்கன்னு நர்சு கத்துது. கொழுந்தனாரு மூணு தடவை உங்களுக்குப் போன் அடிச்சாரு."

அந்த மூன்று அழைப்பும் ஆவுடையப்பனுக்கு நினைவிருந்தது. தம்பியின் எண் அவருக்கு மனப்பாடம். எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மூன்று தடவையும் வெட்டினார். அன்றைக்கே அதை டீக்கடையில் பெருமையாகவும் சொன்னார்.

"உன் போன்ல இருந்து அடிச்சிருக்கலாம்ல?"

"காசு தீர்ந்து போச்சு, போட்டு விடுங்கன்னு ரெண்டு வாரம் கெஞ்சலையா?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இடது" என்றாள் செல்லக்கனி. "போய்ச் சொல்லுங்க உங்க அம்மாகிட்ட. கக்கத்துல உள்ள நெறிக்கட்டியையும் சேர்த்து எடுத்தாங்க. அந்தக் கையால ஒரு குடம் தூக்க முடியாது. அதையும் நீங்க கேக்கலை. திங்கக்கெழமை ஆறு மணிக்கு ஆட்டோ வரும். நான் ஏறுவேன். தடுக்கணும்னா தடுத்துப் பாருங்க."

சுளகைத் திரும்ப எடுத்தாள்.

"பின் சீட்டுல எடம் இருக்கு. வாறதுன்னா வாங்க. வாயைத் தொறக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆவுடையப்பன் மடத்தில் நின்றார்.

"இடது."

அம்மாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "கரண்ட் வைக்கிற நாள்ல தோல் புண்ணாகும். டாக்டரைக் கேட்டுட்டு வைக்கச் சொல்லுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். போகவில்லை.

"அம்மா, அவன் போன் அடிச்சான். எடுக்காதது நான்தான். ஒத்துக்கிடுதேன். ஆனா ஒரு ஆளை விட்டுச் சொல்லி அனுப்பக் கூடாதா? அன்னைக்கு நான் லோடு இறக்கின மார்க்கெட்டு எத்தனை தூரம்? அப்பாவுக்குக் கொள்ளி வைக்க ஒரு அரைமணி நேரம் பொறுக்கக் கூடாதா? ரெண்டு தடவை என் எடத்துல அவன் நின்னுட்டான். எனக்கு வர வேண்டிய பாக்கி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் உயர்ந்தது.

"அப்போ அதைத் தராதவன் வண்டியில நான் எப்படிம்மா ஏறுவேன்?"

அம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பாக்கியை விடாதீங்க. கேட்டு வாங்குங்க. ஆனா வரிசையில நில்லுங்க. உங்களுக்கு முன்னால வீட்டம்மா தன் பாக்கிக்கு நிக்காங்க."