கடைசி விளக்கின் நிறம்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

குரு எப்சிபா, பக்கத்து டவுனில் பாலிடெக்னிக் விரிவுரையாளர். சனிக்கிழமை மாலைகளில் ஊர்த் திருச்சபையின் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தில், விருப்பப்பட்டு வருகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பாள். சீடர் ஞானசிகாமணி, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் தேரிக்காட்டில் மேயும் ஆடுகூட வரிசையில் நிற்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஓய்வுக்குப் பிறகு, வருஷத்தில் ஒரு நாள் தவிர, விசில் சட்டைப் பையில் சும்மா கிடந்தது. சொன்ன பேச்சைக் கேட்க ஆள் இல்லையே என்ற வருத்தம் அவருக்கு நிறையவே உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

எப்சிபாவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். முதல் நாளே சொன்னாள். அவருக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர், பாவம். அவள் அவரைச் சார் என்றாள், அவர் அவளை டீச்சர் என்றார். இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

எல்.இ.டி. பட்டையை அவள் முதன்முதலில் காட்டியபோது அவர் கேட்டார்.

"எல்லா விளக்குக்கும் ஒரே ஒரு வயர்லதான் சேதி போகுது. பிறகு எப்படி டீச்சர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சொல்ல முடியும்?"

"முதல் விளக்கு தனக்கு உள்ளதை எடுத்துக்கிட்டு மீதியை அடுத்ததுகிட்ட குடுத்துரும் சார். அதுவும் தனக்கு உள்ளதை எடுத்துக்கிட்டு அடுத்ததுகிட்ட குடுக்கும்."

"வரிசையில நம்பர் சொல்லுத மாதிரி."

"ஆமா சார்."

அன்றைக்கே அவருக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றில் அவர் எழுதி ஏற்றிய கட்டளைக்கு விளக்குகள் ஒன்றுபோல் நீலமாகின, ஒன்றுபோல் பச்சையாகின. ஒன்றும் முந்தவில்லை, பிந்தவில்லை, பக்கத்தில் நிற்பதைக் கிள்ளவில்லை. இத்தனை வருஷம் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒழுங்கு அது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனார்.

அந்தச் சூட்டில்தான் சபைக் கமிட்டியில் எழுந்து வாக்குக் கொடுத்துவிட்டார். அசனம் வருகிறது. ஊரே ஆலய வளாகத்தில் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். "இந்த வருஷம் சீரியல் செட்டுக்கு வெளிய சொல்ல வேண்டாம். பந்தலுக்கு நானே விளக்குப் போடுதேன்" என்றார். இரண்டு பேர் சிரித்தது அவர் காதில் விழுந்தது. விளக்கு எரியாவிட்டால் இனி கமிட்டியில் வாய் திறக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அசனத்தன்று மதியம் பட்டையை ஆலய வாசலில் தொடங்கி, பந்தலின் நடுக் கம்போடு சேர்த்துக் கடைசிவரை கட்டி முடித்தார். போர்டும் பவர் சப்ளையும் வாசல் பக்கம் இருந்தன. எல்லாம் வெள்ளையாக எரியட்டும் என்று கட்டளை கொடுத்தார்.

வாசல் பக்கம் பளிச்சென்று வெள்ளை. நடுவில் மஞ்சள் தட்டியது. கடைசியில் அழுக்குச் சிவப்பு.

கட்டளையில் வெளிச்சத்தின் அளவைக் கூட்டினார். கடைசிச் சிவப்பு இன்னும் மங்கியது. மேலும் கூட்டினார். அது அணைந்துபோகிற மாதிரி ஆகிவிட்டது.

எப்சிபா வந்து சேர்ந்தபோது ஞானசிகாமணி கத்தரிக்கோலோடு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார் செய்யுதீங்க?"

"கடைசியில உள்ளது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு டீச்சர். வெட்டி எடுத்துருதேன். மத்ததாவது ஒழுங்கா எரியட்டும்."

"அதுக்குக் கீழ உக்காருதவங்க?"

"ஒரு டியூப் லைட்டைக் கட்டிவிட்டாப் போச்சு."

எப்சிபா லேப்டாப்பைத் திறந்து, அவர் எழுதியதில் இரண்டு வரியை மாற்றி, போர்டில் ஏற்றினாள். பந்தல் முழுக்க விளக்குகள் அணைந்தன. வாசலில் ஒரே ஒரு விளக்கு வெள்ளையாக எரிந்தது. பிறகு அது அணைந்து அடுத்தது எரிந்தது. அப்படியே அந்த ஒற்றைப் புள்ளி பந்தலைக் கடந்து ஓடி, அவர் வெட்டப்போன கடைசித் துண்டுக்குள்ளும் போய், கடைசி விளக்கில் நின்றது. அப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

"பேச்சு கேக்குதா சார்?"

"கேக்குது."

"ஒழுங்கா?"

"ஒழுங்காத்தான் கேக்குது." அவருக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்திருந்தது. ஸ்டூலை விட்டு இறங்கினார். "பின்ன எல்லாம் சேந்து எரியும்போது மட்டும் இதுக்கு என்ன வந்துச்சு?"

எப்சிபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், ஒரு பிள்ளை. டிரில் வரிசையில கடைசியில நிக்கும். விசில் ஊதினா எல்லார் கையும் மேல போகும். அது கை பாதியில நின்னுரும்."

"சோம்பேறிப் பிள்ளை."

"மாஸ்டரும் அப்படித்தான் சொன்னாரு. இன்னும் ஓங்கி ஊதினாரு."

"கை மேல போச்சா?"

"இன்னும் கீழ வந்துட்டு."

"அப்புறம்?"

"வரிசையை விட்டு வெளிய போகச் சொல்லிட்டாரு. வேப்பமரத்தடியில தனியா உக்காந்திருந்துச்சு."

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காதோ?"

எப்சிபா பையிலிருந்து மீட்டரை எடுத்து நீட்டினாள். "பழையபடி எல்லாத்தையும் எரிய விடுங்க. ரெண்டு முனையிலயும் அளந்து பாருங்க சார்."

வாசல் பக்கம் அளந்தார். ஐந்து வோல்ட். பந்தலின் கடைசிக்கு நடந்து போய் ஸ்டூலில் ஏறி அளந்தார். மூன்றுகூட முழுசாக இல்லை. மீட்டரைத் தட்டிப் பார்த்து மறுபடியும் அளந்தார்.

"வழியில உள்ளதெல்லாம் கரண்டை எடுத்துக்கிட்டு இங்க வரும்போது ஒண்ணும் மிச்சம் இல்லை" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் என்னடான்னா, அதிகமாப் பிரகாசி, அதிகமாப் பிரகாசின்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"முன்னால உள்ளதும் அதைக் கேட்டு இன்னும் கூட எடுத்துருச்சு சார்."

"இப்போ என்ன செய்யணும்?"

அவள் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற தடிமனான வயரில் ஒரு சுருளை அவர் கையில் கொடுத்தாள். சிவப்பும் கறுப்பும். "சப்ளையில இருந்து நேரா கடைசிக்குக் கொண்டு போங்க. அந்த முனையிலயும் குடுங்க."

அவர் வயரை இழுத்துக்கொண்டு போனார். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தார். அதில் அவர் கெட்டிக்காரர். வெளிச்சத்தைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். வாசல் முதல் கடைசிவரை வெள்ளை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை.

கமிட்டியில் சிரித்த இரண்டு பேரில் ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்த ஞானசிகாமணிக்கு, அந்த நேரம் அது நினைவில் இல்லை.

"அந்தப் பிள்ளை" என்று தொடங்கினார். அதற்குள் எப்சிபாவை யாரோ கூப்பிட, அவள் எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் ஊர் கூடியது. ஓலைப்பாயில் சோறு குவிந்து ஆவி பறந்தது. பரிமாறுகிறவர்களை விசில் ஊதி நடத்துவது எந்த வருஷமும் ஞானசிகாமணிதான். வாசல் பக்கத்தில் இருந்து தொடங்குவார்கள். கடைசி வரிசைக்குச் சோறு போகும்போது முன்வரிசை இலையை மடித்திருக்கும்.

சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார். விசில் வரவில்லை. பரிமாறுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசிகாமணி ஒரு பனையோலைப் பெட்டி நிறையச் சோற்றைத் தூக்கிக்கொண்டு பந்தலின் மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தார்.

"சார், அங்கிட்டு எங்க போறீங்க? இங்கிட்டு இருந்துல்லா தொடங்கணும்?" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"அங்கிட்டு இருந்தும் வாங்க. நான் இங்கிட்டு இருந்து வாரேன். குழம்பு வாளி ஒண்ணை என் பின்னால அனுப்பும்."

கடைசி இலை எப்சிபாவுடையது. அவர் குனிந்து சோறு வைத்தார். விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. அவர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் விசில் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு சார். காலையில சாப்பிடாம வந்திருந்தேன், அவ்வளவுதான்." அவள் சிரித்துக்கொண்டே இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் வைங்க."