பூசாத கட்டி

கமலக்கண்ணன் ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். அவர் கை பட்ட பெட்டியில் முகம் பார்க்கலாம். ஓய்வு பெற்ற மறுமாதமே, ஒற்றை ஆள் உட்காரும் நீர்மூழ்கி ஒன்றைத் தன் கையால் கட்டப்போகிறேன் என்று தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே படகுப் பட்டறை நடத்தும் ஜெசிந்தாவுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. அவரைச் சேர்த்துக்கொள்ளும்முன் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கடலுக்கு அடியில உங்களுக்கு என்ன சார் வேலை?"

"யாரும் பூசாத நிறமெல்லாம் அங்க இருக்காமே, மேஸ்திரி."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, கட்டுங்க. ஆனா நான் சொல்லுத வரைக்கும் உள்ள உக்காரப்பிடாது."

ஒருநாள் அவர் கேட்டார். "இரும்பு, வெண்கலம், எவர்சில்வர். இதுல எது உசத்தி?"

"தனித்தனியா இருந்தா எல்லாம் உசத்திதான். உப்புத்தண்ணிக்குள்ள யாரு பக்கத்துல யாருன்னு பாக்கணும்."

உடம்புக்கு இரும்புத் தகடு என்று முடிவானது. தண்ணீரை உள்ளே விடும் வால்வுக்கு வெண்கலம். எல்லாம் முடிந்தபின் அவள் நாலு துத்தநாகக் கட்டிகளைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். சாம்பல் நிறம், சொரசொரப்பு. பட்டறையில் அதற்கு ஜிங்க் என்று பெயர்.

"வெளிப்பக்கம், இரும்போட ஒட்ட முறுக்குங்க."

"இது எதுக்கு?"

"கடல் எதையாவது கடிக்கும் சார். இதைக் கடிக்கட்டும்."

முறுக்கினார். பிறகு வண்ணம் பூச உட்கார்ந்தார். தேய்த்து, பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மூன்று பூச்சு. மாம்பழ மஞ்சள். அந்த மஞ்சளில் நாலு சாம்பல் கட்டிகள் மட்டும் நல்ல முகத்தில் மருவைப் போலத் துருத்திக்கொண்டிருந்தன. அவர் கைக்கு அது பொறுக்கவில்லை. அவற்றின்மேலும் மூன்று பூச்சு ஏற்றினார்.

ஜெசிந்தா வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மஞ்சள் கட்டியை விரலால் தடவினாள்.

"எப்படி இருக்கு மேஸ்திரி?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. நாலு மாசம் ஆளில்லாம முங்கிக் கிடக்கட்டும்."

நாலு மாதம் கழித்துக் கிரேன் மேலே தூக்கியது. கமலக்கண்ணன் பாசியை வழித்துவிட்டு முதலில் கட்டிகளைத்தான் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தன.

"பாருங்க! நாலு மாசம் உப்புல கிடந்திருக்கு. ஒரு கீறல் உண்டா? இது என் பூச்சு!"

அவள் திருப்புளியை எடுத்து, வெண்கல வால்வை ஒட்டி மஞ்சள் உப்பியிருந்த இடத்தில் அழுத்தினாள். பூச்சு உடைந்தது. இரும்பு பொடிந்தது. திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

"இதுக்கு அந்தப் பக்கம் என்ன சார்?"

"என் இருக்கை."

"கட்டியைப் பூசி மூடிட்டீங்க. கடல் வெண்கலத்துக்குப் பக்கத்துல இருந்த இரும்பைக் கடிச்சிருக்கு."

"கட்டியில பூசினதை அன்னைக்கே பார்த்தீங்களே. ஏன் சொல்லல?"

"உள்ளதான் ஆள் இல்லையே."

தகட்டை வெட்டி எடுத்துப் புதிது வைத்தார்கள். மறுபடி மஞ்சள். இந்தமுறை கட்டிகளைப் பூசவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடி நாலு மாதம். மேலே வந்தபோது கட்டிகள் எலி கொறித்த சோப்பாக, குழியும் பொருக்குமாகத் தேய்ந்து தொங்கின. இரும்பு, போட்ட அன்றைக்கு இருந்தபடி இருந்தது. ஜெசிந்தா திருப்புளியால் வால்வைச் சுற்றி ஒவ்வொரு விரற்கடைக்கும் குத்திப் பார்த்தாள். கணீர் கணீர் என்றது.

"புதுக் கட்டி மாட்டுங்க. ஏறி உக்காருங்க."

நாற்பது அடி ஆழம், இருபது நிமிஷம். மூடியைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் குனிந்து, தண்ணீர் சொட்டும் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் ஒரு வெண்கலப் பட்டயம் கொண்டுவந்தார். 'ஜெசிந்தா பட்டறை' என்று வெட்டி, கண் கூசும்படி மெருகேற்றியிருந்தார்.

"முகப்புல வைக்கணும், மேஸ்திரி. கட்டினது யாருன்னு ஊருக்குத் தெரியணும்."

அவள் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"அழகா இருக்கு சார். எது மேல முறுக்குவீங்க?"

"இரும்பு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் பட்டயத்தைத் தன் மேசையில் நிறுத்தினாள். அடுத்த முறை மாட்டுவதற்கு வைத்திருந்த கட்டிகளில் ஒன்றை எடுத்து, உளியோடு அவரிடம் நீட்டினாள்.

"இதுல வெட்டுங்க."

"நாலு மாசத்துல பேரே இல்லாமப் போயிடுமே!"

"அதுக்குத்தானே மாட்டுதோம். எழுத்தை மட்டும் நல்லாப் பெருசா வெட்டுங்க சார்."