ஸ்கோப்பு வைத்த துப்பாக்கியும் எண்ணெய் டின்னும்

ஒரு மலையடிவாரத்தில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில், ஒரு துப்பாக்கி இருந்தது. சும்மா துப்பாக்கி இல்லை, பட்டாளத்து வம்சம். விசையை ஒருதரம் அழுத்தினால் சுட்டுவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். கிழங்கு போடுகிற ஆளுக்கு இப்படிப்பட்டதற்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று யாரும் குறுக்கே கேட்க வேண்டாம். கதையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆளின் பெயர் செங்கோடன். காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டித் தின்கிறது என்றுதான் துப்பாக்கி வாங்கப் புறப்பட்டார். புறப்பட்டவர் நேராகக் கடைக்குப் போயிருக்கலாம். யோசனை கேட்கப் போனார்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் மாரப்பன், "குழல் நீளமா இருக்கோணும் செங்கோடா. குட்டைக்குழல்னா விளையாட்டுச் சாமான்" என்றார். செங்கோடனின் மச்சினன் சின்னுசாமி, வெளிநாட்டுக்காரர்கள் சுடுவதைச் செல்போனில் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன், "நீளம் எதுக்கு மாமா? கனம் குறைவா இருந்தாத்தான் தூக்க முடியும்" என்றான். இருவரும் ஒத்துப்போக ஒரு வருஷம் ஆனது. பன்றிகள் அந்த வருஷக் கிழங்கைச் சாவகாசமாகத் தின்று முடித்தன. சிரிக்க வேண்டாம். இந்தக் கதையைச் சொல்கிறவனும் ஒரு பேனா வாங்க மூன்று மாதம் ஏழெட்டுப் பேரைக் கேட்டு அலைந்தவன்தான்.

துப்பாக்கி வந்தது. உடனே, தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற குறிக்கண்ணாடி, அதாவது ஸ்கோப்பு, அதன் தலையில் எதை வைப்பது என்ற பேச்சும் வந்தது.

முதலில் ஒன்று வைத்தார்கள். ஸ்கோப்பு மாட்டினால் குறி நேராக இருக்கிறதா என்று சுட்டுப் பார்க்க வேண்டும். ஓடைக்கரையில் அட்டைப்பெட்டியை வைத்து மூன்று தோட்டா சுட்டார்கள். மறுவாரம் மாரப்பன் வந்து, "இது பத்தாது" என்றார். கழற்றி வேறு வைத்தார்கள், திரும்ப மூன்று தோட்டா. சின்னுசாமி வந்து, "மாமா, இதை இப்போ யாருமே வெக்கறதில்லை" என்றான். கழற்றினார்கள். ஆக மொத்தம் துப்பாக்கி தன் ஆயுளில் இருபத்தேழு தடவை சுட்டிருந்தது. இருபத்தேழும் அட்டைப்பெட்டியைத்தான். இரண்டாம் வருஷக் கிழங்கும் போய்விட்டது.

கடைசியாக வந்த ஸ்கோப்பு முழங்கை நீளம் இருந்தது. எண்ணூறு கஜத்தில் எறும்பு ஊர்வதைக் காட்டுமாம். மரவள்ளிக் காடோ வாசலிலிருந்து அறுபது தப்படி.

"கொஞ்சம் பக்கத்திலயும் பாரேன்" என்று துப்பாக்கி ஒருநாள் அதனிடம் கெஞ்சியது.

"பக்கத்தில் பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு" என்றது ஸ்கோப்பு.

"அது சரி. நானாவது உன் தகுதிக்கு ஏத்தவனா?"

"நீ என்னைத் தாங்கி நிற்கிற கம்பு. அதைச் சரியாகச் செய்கிறாய்."

துப்பாக்கிக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் வருஷம் கிழங்கு நன்றாக இறங்குகிற சமயத்தில் தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிப் போனார்.

"இனி காட்டை யாரு பாக்கறது?" என்று செங்கோடன் தலையில் கை வைத்தார்.

அவர் மனைவி பாவாயி களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "இதுக்கு முன்னாடி யாருங்க பாத்தது? ரெண்டு வருச வெள்ளாமை போச்சு. இந்த வருசமும் போச்சுன்னா, இந்தக் கருமாந்திரத்தைத் திருப்பி வாங்க வேண்டாம். அங்கயே கெடக்கட்டும்."

துப்பாக்கி அதைக் கேட்டது. அங்கேயே கிடப்பது என்றால் என்ன என்று ஸ்டேஷன் அறைக்குள் போனதும் புரிந்தது. மூலையில் ஒரு நாட்டுத் துப்பாக்கி சாய்ந்திருந்தது. அதன் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. வைத்துவிட்டுப் போனவர் எந்தத் தேர்தலுக்கு வைத்தார் என்பதே அதற்கு மறந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற இரட்டைக்குழல் பேச்சுக் கொடுத்தது. "ஆளு பெரிய இடம் போலிருக்கே! இதுவரைக்கும் எத்தனை சுட்டிருக்கே?"

"இருபத்தேழு."

"அடேங்கப்பா! இருபத்தேழு பன்னியா?"

"இருபத்தேழு தோட்டா. பன்னி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அட்டைப்பெட்டின்னா அடையாளம் சொல்லுவேன்."

அறையே சிரித்தது. துப்பாக்கியும் சேர்ந்து சிரித்தது. தன்னைத்தானே கேலி செய்துகொண்டால் வலி குறையும் என்று நினைத்தது, குறையவில்லை. தன்னை வாங்கிய வீட்டுக்கு ஒரு கிழங்கைக்கூடக் காப்பாற்றிக் கொடுத்ததில்லை என்ற வெட்கம் அதைப் பிடுங்கித் தின்றது. இந்நேரம் காட்டில் ஒரு செடிகூட மிச்சம் இருக்காது, நமக்கும் இந்த மூலைதான் என்று முடிவு செய்துகொண்டது. நாற்பது நாளும் சிலந்தி எந்தப் பக்கம் நகர்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் செங்கோடன் வந்தார். கையெழுத்துப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துப்பாக்கி வீடு திரும்பியது.

வாசலுக்கு வந்ததும் துப்பாக்கி திகைத்துப்போனது. மரவள்ளி ஆள் உயரம் நின்றது! ஒரு குழி இல்லை, ஒரு செடி சாயவில்லை.

வாசல் கட்டிலில் அதைச் சாய்த்து வைத்தார்கள். எதிரே மோட்டார் ரூம் சுவரில் ஒரு பதினைந்து கிலோ எண்ணெய் டின் தொங்கியது. உடம்பெல்லாம் சொட்டை.

"தம்பி, காட்டை யாரு காப்பாத்துனது?" என்று துப்பாக்கி கேட்டது.

"நானுங்கண்ணா" என்றது டின் கூச்சத்தோடு. "தினமும் பொழுது சாய அம்மா ஒரு மூங்கில் குச்சியில என்னைப் போட்டுச் சாத்துவாங்க. நான் கத்துவேன். பன்னி ஓடிரும். அவ்வளவுதான்."

"உன்னை வாங்கறதுக்கு யாரையும் யோசனை கேட்கலயா?"

"வாங்கலீங்கண்ணா. எண்ணெய் தீந்துபோச்சு, என்னை எடுத்து மாட்டிட்டாங்க."

துப்பாக்கிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் மாரப்பனும் சின்னுசாமியும் வந்து சேர்ந்தார்கள். செங்கோடன் பெருமையாக டின்னைக் காட்டினார்.

மாரப்பன் சுற்றி வந்து பார்த்தார். "சத்தம் சரி. ஆனா மாட்டுன உயரம் தப்பு. இன்னும் ரெண்டடி ஏத்தோணும்."

"உயரத்துல என்ன இருக்குது? குச்சிதான் முக்கியம்" என்றான் சின்னுசாமி. "மூங்கில் வேண்டாம் மாமா. புளியங்குச்சியில அடிச்சாத்தான் சத்தம் தூரம் போகும்."

செங்கோடன் முகம் மலர்ந்தது. "அப்படியா மாப்ள? தடிமன் எவ்வளவு இருக்கலாம்?"

துப்பாக்கி மெதுவாகச் சொன்னது: "தம்பி, உனக்கும் வந்துருச்சு. தைரியமா இரு."

பாவாயி தலையில் அடித்துக்கொண்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள். மாரப்பன் மூங்கில் குச்சியைச் சாண் போட்டு அளந்தார். சின்னுசாமி அதை வாங்கிக்கொண்டு, அதே அளவில் புளியங்குச்சி வெட்டி வருகிறேன் என்று ஓடைப்பக்கம் போனான். பொழுது சாய்ந்தது. டின் அடிக்கிற நேரம். அடிக்கக் குச்சி இல்லை.

காட்டோரம் சரசரவென்று சத்தம் கேட்டது. ஒரு தாய்ப்பன்றியும் பின்னாலேயே ஏழெட்டுக் குட்டிகளும் வரப்பைத் தாண்டி இறங்கின.

"ஏனுங்க! பன்னி!" என்று கட்டுத்தறியிலிருந்து பாவாயி கத்தினாள்.

செங்கோடன் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்து ஸ்கோப்பில் கண்ணைப் பொருத்தினார். தோட்டா வீட்டுக்குள் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அது அவருக்கு நினைவில்லை.

"என்ன தெரியுது?" என்றார் மாரப்பன்.

"ஒரே காவி நிறமாத் தெரியுதுங்கண்ணா. பன்னியா மண்ணான்னு புரியலை. டேசன்ல யாரோ ஸ்கோப்பை அசைச்சிருக்கானுக. மறுக்கா அட்டைப்பெட்டி வெச்சுத்தான்..."

அவர் முடிக்கவில்லை. ஓடி வந்த பாவாயி துப்பாக்கியைப் பிடுங்கினாள். குழலை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைப் பக்கத்தால் டின்னை ஓங்கி ஒரு போடு போட்டாள்.

டங்!

காடே அதிர்ந்தது. இரண்டாவது அடியில் தாய்ப்பன்றி திரும்பியது. மூன்றாவது அடியில் ஸ்கோப்பு கழன்று வாய்க்காலில் விழுந்தது. பாவாயி நிறுத்தவில்லை. இரண்டு வருஷக் கோபம் மொத்தமும் அந்த அடியில் இருந்தது. கடைசிக் குட்டி மலையேறும்வரை அடித்தாள்.

பிறகு மூச்சு வாங்க, துப்பாக்கியை டின் பக்கத்திலேயே சாய்த்து வைத்தாள். மாரப்பன் தொண்டையைச் செருமினார்.

"அடியெல்லாம் நல்ல அடிதான். ஆனா அந்தக் கட்டை வேற மரத்துல இருந்திருந்தா..."

பாவாயி திரும்பிப் பார்த்தாள். மாரப்பன் செருப்பைத் தேடினார்.

வாய்க்காலில் மல்லாந்து கிடந்த ஸ்கோப்பு, "நிலா மிகத் தெளிவாகத் தெரிகிறது" என்றது. அதை யாரும் கேட்கவில்லை.

டின்தான் கவலையோடு கேட்டது. "அண்ணா, கட்டையில விரிசல் விழுந்துருச்சே. ரொம்ப வலிக்குதுங்களா?"

"வலிக்குது தம்பி" என்றது துப்பாக்கி. "ஆனா பொறந்ததுல இருந்து இன்னிக்குத்தான் குறி தப்பல."