காலை எப்போது இறக்குவது?

பேஸ்பாலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று தானே சொல்லித் திரிகிற கோச் தனராஜிடம், கல்லூரிக்காரர்கள் பெண்கள் சாஃப்ட்பால் அணியையும் ஒப்படைத்துவிட்டார்கள். பெண்கள் மட்டையைச் சுருக்காக வீசுவதைப் பார்த்து அவர் முகத்தைச் சுளித்தார்.

"மட்டையால ஈ விரட்டுறீங்களா? முன்காலை முட்டி உசரத்துக்குத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, அகலமா வீசணும். அப்படி அடிக்காதவ நாளைக்கு டீம்ல இல்ல."

அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் பனிமலர் மெல்லச் சொன்னாள். "சார், பேஸ்பால்ல பந்து போடுறவர் தள்ளி நிப்பார். இங்க ரொம்பக் கிட்டக்க நின்னு போடுவாங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஐயோ, இல்ல சார். ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. நீங்க செய்யறதை அப்படியே செஞ்சு பழகிக்கிறோம்."

தனராஜ் மட்டையோடு நின்றார். பனிமலர் அவர் பின்னால் குந்தினாள். மற்ற பெண்கள் ஓரமாக வரிசைகட்டினார்கள். அணியில் பந்து போடும் ஜெர்லின் எதிரே நின்று கையைச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட்டாள். கோச் காலைத் தூக்கினார். வரிசையும் தூக்கியது. பனிமலரின் கையுறையில் 'டப்' என்று சத்தம் கேட்டது. கோச்சின் கால் இன்னும் மேலேதான் இருந்தது.

"பந்து எங்க?"

"எங்கிட்ட வந்துடுச்சு சார்," என்றாள் பனிமலர் பணிவாக. "தூக்குறது எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. எப்ப இறக்கணும்னு மட்டும் சொல்லுங்க. பிள்ளைங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."