முலாம் பூசிய தாத்தா

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கைமலை நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பொருள்மேல் ஆசை வந்துவிட்டால் கண்மண் தெரியாது.

ஒருநாள் வெளியூர் வணிகன் ஒருவன் சபையில் பட்டுப்பையை அவிழ்த்தான். உள்ளே தகதகவென்று பழைய காசுகள். எல்லாவற்றிலும் ராஜாவின் தாத்தா முகம்!

"தாத்தா காலத்துப் பொற்காசு! என்ன விலை?" என்று துள்ளினார் ராஜா.

"ஆலங்கேணி ஊரைக் கொடுத்தால் போதும், மகாராஜா."

ஏரியும் வயலுமாக எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கிற ஊர் அது. அமைச்சர் நக்கண்ணர் குனிந்து காசுகளை உற்றுப் பார்த்தார். "அரசே, இவை செப்புக்காசுகள் போலத் தெரிகின்றன. மேலே பொன்முலாம் பூசியிருக்கிறார்கள்."

பொக்கிஷ அதிகாரி சொக்கேசருக்கு அமைச்சரைக் கண்டாலே வயிறு எரியும். "சபைக்குக் கொண்டுவருமுன்பே நான் சோதித்துவிட்டேன். சுத்தத் தங்கம்! அமைச்சருக்கு எதிலும் சந்தேகம்தான்."

"அப்படியானால் நிரூபியுங்கள், நக்கண்ணரே," என்றார் ராஜா. "உரசக் கூடாது, வெட்டக் கூடாது. தாத்தா முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் உங்கள் பதவி போச்சு!"

நக்கண்ணர் ஒரு காசை வெளிச்சத்தில் பிடித்தார். "தாத்தாவின் மூக்கைப் பாருங்கள். பல கை பட்டு மழுங்கியே போய்விட்டது. இவ்வளவு புழங்கிய காசில் எழுத்து இடுக்கிலாவது அழுக்கு இருக்க வேண்டாமா? காதுக் குழிக்குள்கூடப் புது மஞ்சள்!"

"புளி போட்டு விளக்கியிருப்பார்கள்," என்றார் சொக்கேசர் சட்டென்று.

ராஜா தாடியைச் சொறிந்தார். "அதுவும் சரிதானே?"

நக்கண்ணர் சிரித்தார். "சரிதான். பொக்கிஷ அதிகாரியே சொன்ன பிறகு நான் யார்? ஒரு யோசனை, அரசே. தன் மாளிகையை வணிகனுக்குக் கொடுத்துவிட்டு இவரே காசுகளை வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு ஊர் பெறுமானத் தங்கம்! கொள்ளை லாபம். நீங்கள் தாத்தாவை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."

"பலே! அப்படியே ஆகட்டும்!"

சொக்கேசர் முகம் வெளுத்தது. "என் மாளிகையா? இந்தச் செப்புக் காசுக்கா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது. நைசாக நழுவப் பார்த்த வணிகனைக் காவலர்கள் அமுக்க, இருவரும் பங்கு பேசியிருந்ததும் வெளியே வந்தது. வணிகன் சிறைக்குப் போனான்.

"சொக்கேசரே, இனி தினமும் இந்தக் காசுகளை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டுதான் சபைக்கு வர வேண்டும்!" என்றார் ராஜா. பிறகு திரும்பி, "நக்கண்ணரே, உங்களுக்கு என்ன வேண்டும்?"

"ஆலங்கேணியை இனி எதற்கும் விலையாகப் பேசமாட்டேன் என்று ஒரு வாக்கு, அரசே."

ராஜா வெட்கத்தோடு தலை குனிந்தார். "கொடுத்தேன்," என்று சொல்லித் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார்.

அப்போது நல்ல வெயில் காலம். வியர்க்க வியர்க்க முலாம் உரிந்து, சொக்கேசர் கழுத்தெல்லாம் செம்பின் பச்சைக் களிம்பு. அவர் சபைக்குள் நுழையும்போதெல்லாம் ராஜா எழுந்து கும்பிட்டு, "தாத்தா சௌக்கியமா?" என்று விசாரிப்பாராம்.