கிளுவை வேலியும் கொம்பி ஆடும்

ஆவாரங்குட்டையைச் சுற்றி முள் நிறைந்த கிளுவைச் செடிகளால் ஆன ஒரு வேலி இருந்தது. முயல்கள், அணில்கள், ஒரு கவுதாரி, ஒரு மயில் என்று எல்லாம் அந்த வேலிக்கு உள்ளேதான் குடியிருந்தன. தண்ணீர் உள்ளே, புல் உள்ளே, பயம் மட்டும் வெளியே. அந்தப் பயத்தின் பெயர் நரி.

வேலி எல்லோருக்கும் பொது. பொது என்றால் என்ன கதி ஆகும் என்று சொல்லவா வேண்டும்? அவரவர் வளைக்கு நேரே உள்ள நாலு செடியைக் கடித்து நறுக்கி அழகு பார்ப்பார்கள். பக்கத்தில் ஓட்டை விழுந்தால், "அது என் பாடா?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அப்படி யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் நுழைந்துதான் போன கோடையில் நரி வந்தது. கவுதாரியின் குஞ்சுகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து கவுதாரி யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொம்பி என்ற வெள்ளாடு வந்து சேர்ந்தது. மேயப் போகும் வழியில் அதன் குட்டி தட்டைக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. கூட வந்த பட்டி ஆடுகள் நிற்காமல் போய்விட்டன. குட்டிகளை விட்டுவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? தட்டையையும் அதன் அக்கா மொச்சையையும் கூட்டிக்கொண்டு, நரி நடமாடும் காட்டுக்குள் கொம்பி தனியாக நின்றது.

"ஏனுங்க மயிலண்ணா, எனக்கும் என் குட்டிகளுக்கும் உள்ளே ஒரு ஓரம் கொடுங்க. வேலியை நான் பாத்துக்கறேன்!" என்றது.

குட்டையே சிரித்தது.

"வேலியைப் பாத்துக்க ஆடா! கேட்டீங்களா இந்தக் கூத்தை!" என்றது ஒரு முயல்.

"இவ பாத்துக்கிட்டா வேலி இருந்த எடமே தெரியாது!" என்று கவுதாரி சீறியது.

மயில்தான் அங்கே தலைவர். தோகையை ஒரு முறை உதறிவிட்டு யோசித்தது. வேலி வேலை செய்ய வேறு யாரும் முன்வரவில்லை என்பது அதற்கும் தெரியும். "சரி, இருந்துக்கோ. ஆனா ஒண்ணு! வேலியில ஒரு குறை வந்தாலும் குட்டிகளைக் கூட்டிக்கிட்டு வெளியே நடையைக் கட்டணும்!"

வெளியே என்றால் நரியின் வாய்தான். கொம்பி குட்டிகளைப் பார்த்தது. "ஆகட்டுமுங்க!" என்றது.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. உச்சியை நறுக்க நறுக்கக் கிளுவை பக்கவாட்டில் கிளைக்கும், அடியில் தழை அடர்ந்துகொள்ளும். உச்சியை விட்டுவிட்டால் செடி மேலே மேலே ஓடும். கீழே வெயில் படாமல் இலை கொட்டிப்போகும். கொம்பிக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? பிறந்த நாள் முதல் ஊரார் தோட்டத்து வேலிகளில் தலையை விட்டுத் திருடித் தின்ற ஆடாயிற்றே! எந்த வேலியில் தலை நுழையும், எதில் நுழையாது என்று அதற்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆனால் சோதனையைப் பாருங்கள்! ஆட்டின் வாய்க்கு நேரே இருப்பது அடித்தழை. இளசு, பச்சை, பார்த்தாலே நாக்கு ஊறும். கொம்பி அதைப் பார்க்காதது போலப் பின்னங்கால்களில் எக்கி நின்று, கழுத்து வலிக்க வலிக்க உச்சியை மட்டும் கடித்தது. முள் உதட்டைக் குத்தியது. போகட்டும் என்று அடுத்த செடிக்குப் போனது. யார் வளைக்கு நேரே, யார் பங்கு என்ற பேச்சே இல்லை. ஒரு மூலை விடாமல் சுற்றி வந்தது.

"அம்மா, கீழே ஒரே ஒரு கடி!" என்று தட்டை கெஞ்சியது.

"கடிச்சீன்னா முட்டிப்புடுவேன்! அடியில இருக்கிறது நமக்குத் தீனி இல்ல கண்ணு, கதவு! அதைத் தின்னுட்டு நரிக்கு வாசல் திறந்து வெப்பியா?"

தட்டை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவின் முதுகில் ஏறி உச்சிக்கு எக்கியது.

கொஞ்ச நாளில் வேலி மேலே ஒடுங்கி, கீழே அகன்று, காற்றுகூட யோசித்துப் போகும்படி அடைத்துக்கொண்டது. நரி வந்தது. ஒரு சுற்று சுற்றியது. ஓர் இடத்தில் மூக்கை விட்டுப் பார்த்தது. முள் ஏறியது. "ஆத்தாடி!" என்று மூக்கை நக்கிக்கொண்டே திரும்பிப் போனது.

ஆனால் நரி வேறு வழி யோசிக்காமல் இருக்குமா? அடுத்த நாள் அந்தியில் வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு, உள்ளே எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் பேசியது.

"அப்பாடா! நல்ல வேளை, இந்த ஆடு வேலியை மொட்டை அடிச்சுக்கிட்டே இருக்கு! இதை மட்டும் வளர விட்டா மானத்தைத் தொட்டுடும். அப்புறம் நான் எப்படித் தாண்டுவேன்? பட்டினிதான் கெடக்கணும்! ஆட்டுக்குப் புண்ணியமாப் போகட்டும்!"

மயிலுக்குக் காது குளிர்ந்தது. அப்போதே கூட்டம் கூட்டிவிட்டது.

"கேட்டீங்களா! எதிரி தன் வாயாலேயே சொல்லிட்டான்! உசந்த வேலிதான் அவனுக்குப் பயம்! ஏ கொம்பி, இனிமே நீ ஓர் இலையைத் தொடக்கூடாது!"

கொம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணா, நரி எந்தக் காலத்துல தாண்டி வந்துது? போன கோடையில நுழைஞ்சுதானுங்களே வந்தான்! சத்தம் போட்டுச் சொல்றான்னா நம்ம காதுல விழணும்னுதானுங்க சொல்றான்!"

"தீனி போயிடுமேன்னு வயித்தெரிச்சல்ல பேசறா!" என்றது கவுதாரி.

"ஆமாமா! ஆட்டுக்கு வயிறுதானே பெருசு!" என்று முயல்கள் பின்பாட்டுப் பாடின.

"முடிவு முடிவுதான்! மீறினா நீயும் உன் குட்டிகளும் வெளியே!" என்றது மயில்.

 இவ்வளவு பாடுபட்டதற்கு இதுவா கூலி என்று கொம்பிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு குட்டிகளும் மடியை ஒட்டி நின்றன. அதுகளை நினைத்துக் கோபத்தை விழுங்கிக்கொண்டது.

மழை பிடித்தது. கேட்க வேண்டுமா! கிளுவை கிடுகிடுவென்று ஏறியது. மயிலின் கொண்டையைத் தாண்டியது, அதற்கு மேலும் தாண்டியது. மயில் ஒவ்வொரு காலையும் வேலியை அண்ணாந்து பார்த்து, "இப்ப வரட்டும் பாக்கலாம்!" என்று அகவியது. முயல்கள் பயமில்லாமல் பகலெல்லாம் தூங்கின. அந்தச் சந்தோஷத்தில் கவுதாரிகூடக் குட்டைக்கரைப் பக்கம் வேலியோரமாகப் புதிதாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டது.

எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொம்பி மட்டும் கீழே பார்த்தது. நிழல் விழுந்து அடித்தழை பழுத்து, உதிர்ந்து, வெறும் குச்சியும் காய்ந்த முள்ளுமாக நின்றது. ஒரு காலை நேரம், குட்டைக்கரைப் பக்கத்துக் குச்சிகளில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கொம்பி முகர்ந்து பார்த்தது. நரி ரோமம்! உடம்பு நுழைகிறதா என்று ஒரு முறை தலையை விட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

கொம்பி மயிலிடம் ஓடியது. "அண்ணா, ஒருக்கா வந்து குனிஞ்சு பாருங்க! அடி முழுக்க வழுக்கை! நரி முடி ஒட்டியிருக்குதுங்க!"

"இந்தச் சேத்துல நான் குனியறதா? தோகை என்னத்துக்கு ஆகறது? ஏதாச்சும் நாய் போயிருக்கும், போ!" என்றது மயில்.

கொம்பி திரும்பி வந்து அந்த இடத்தில் நின்றது. வேலியைத் தொட்டால் மயில் துரத்தும். தொடாவிட்டால் நரி வரும். எப்படிப் பார்த்தாலும் குட்டிகள்தான் பலி. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன இங்கயே நிக்கறே? யாருக்கும் தெரியாமத் திங்கலாம்னா?" என்று ஒரு குரல். கவுதாரிதான்.

"நீயே குனிஞ்சு பாரு அம்மிணி," என்றது கொம்பி.

கவுதாரி முறைத்துக்கொண்டே தலையைத் தாழ்த்தியது. குச்சியைப் பார்த்தது. ரோமத்தைப் பார்த்தது. 

"இது அவன் முடிதான்," என்றது மெல்ல. "போன கோடையில என்ர கூட்டுல இதுதான் கெடந்துது."

 பிறகு கொம்பி பக்கம் திரும்பியது: "உன்னைய வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் அம்மிணி. மனசுல வெச்சுக்காதே. இப்ப என்ன பண்றது?"

"வேலியைத் தொடக்கூடாதுன்னுதானே சொன்னாங்க! நரியைத் தொடக்கூடாதுன்னு சொல்லலையே!" என்றது கொம்பி. "குஞ்சுகளையும் என் குட்டிகளையும் மயிலண்ணன் மரத்தடிக்கு அனுப்பிடலாம். நீ உன் கூட்டுலயே இருந்து குரல் குடு. நான் பக்கத்துல இருக்கேன். பயமா?"

"பயந்தான்!" என்றது கவுதாரி. "இருந்தாலும் கத்துவேன்!"

அன்று அந்தி சாய்ந்தது. கவுதாரி கூட்டில் உட்கார்ந்து குஞ்சுகளை அழைப்பது போலக் கத்தியது. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. கூட்டுக்கு அந்தப் புறம், வேலியை ஒட்டி, கொம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது.

வெளியே சருகு சரசரத்தது. நரிதான்! வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, "குஞ்சு மணக்குதே! என்ன மணம்! என்ன மணம்!" என்று முனகியபடி குச்சிகளுக்கு நடுவே தலையை விட்டது. தலை வந்தது. கழுத்து வந்தது. தோள் வந்தது. ஒரே ஒரு உந்தல்தான் பாக்கி, கவுதாரி வாய்க்குள் போயிருக்கும்!

"இப்போ!" என்று கவுதாரி அலறியது.

கொம்பி எழுந்து கொடுத்ததே ஒரு முட்டு! நரியின் நெற்றி அதிர்ந்தது. பின்னால் இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டது. முன்னே வரும்போது ரோமம் படிந்து வழிவிட்டிருந்தது. பின்னே இழுத்தபோது காய்ந்த முள் ஒவ்வொன்றும் ரோமத்துக்குள் ஏறிக் கொக்கி போட்டுக்கொண்டது. முன்னே கொம்பு, பின்னே முள்!

"ஐயோ, விட்டுடு தாயி! செத்தேன்!"

சத்தம் கேட்டுக் குட்டையே திரண்டு ஓடி வந்தது. மயில் பறந்து வந்து இறங்கியது. நரியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் துள்ளியது.

"இவன்... இவன் எப்படி உள்ளே வந்தான்? வேலி மானத்தைத் தொடுதே!"

"என்னைய ஏனுங்க கேக்கறீங்க? அவனையே கேளுங்க!" என்றது கொம்பி. கொம்பை நரியின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டது. "சொல்லுடா! உனக்கு உசந்த வேலி பயமா, குட்டை வேலி பயமா?"

"குட்டை வேலிதான்! குட்டை வேலிதான்!" என்று நரி கதறியது. "உச்சியை வெட்டிக்கிட்டே இருந்தா அடி அடைச்சுக்குது! மூக்கைக்கூட விட முடியல! அதான் நீங்க வளர விடணும்னு அன்னிக்குச் சும்மா கதை விட்டேன்! இந்த மயிலு உடனே நம்பிடுச்சு!"

முயல்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. மயிலின் கழுத்து நீலமெல்லாம் வெளுத்துவிட்டது போல இருந்தது.

"போன கோடைக்கு இது!" என்று கவுதாரி பாய்ந்து நரியின் மூக்கில் ஒரு கொத்து கொத்தியது. "என்ர குட்டிகளுக்கு இது!" என்று கொம்பி பின்வாங்கி வந்து இன்னொரு முட்டு கொடுத்தது. அந்த முட்டில் நரி வேலியை விட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. பாதி ரோமம் முள்ளிலேயே தங்கிவிட்டது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அணில்கள் மரமெல்லாம் குதித்துக் கும்மாளம் போட்டன.

மயில் தொண்டையைக் கனைத்தது.  பிறகு எல்லோருக்கும் முன்னால் சொன்னது: "தப்பு என்னுதுதான் அம்மிணி. வெட்டு. எவ்வளவு வேணுமோ வெட்டு!"

"நான் மட்டும் வெட்டினா ஆகாதுங்க," என்றது கொம்பி. "வேலி எல்லாத்துக்கும் பொதுன்னா வேலையும் பொதுதான். வாங்க எல்லாரும்!"

முயல்கள் வாயால் நறுக்கின. அணில்கள் உச்சிக் குச்சிகளைக் கடித்துத் தள்ளின. வெட்டி விழுந்ததைக் கொம்பியும் குட்டிகளும் வயிறார மென்றன. மயிலும் அலகால் காய்ந்த சருகை இழுத்துப் போட்டது. வேலி முட்டளவுக்கு வந்து மொட்டையாக நின்றபோது பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இந்த முறை யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த மழைக்கு அடியெல்லாம் துளிர்த்தது. துளிர் கிளையானது, கிளை அடர்ந்தது. தேறி வந்த நரி ஒரு நாள் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கும் வழியில்லை. கவுதாரிக் குஞ்சுகள் உள்ளேயிருந்து, "தாண்டி வா மாமா, வேலி குட்டையாத்தானே இருக்கு!" என்று கூவின. கொம்பி வேலிக்கு மேலே தலையைத் தூக்கிக் கொம்பைக் காட்டியது. அவ்வளவுதான், நரி வாலை இடுக்கிக்கொண்டு அந்தக் காட்டையே விட்டுப் போனது.

"ஆவாரங்குட்டை இனி உன் ஊரு அம்மிணி! உன்னையப் போன்னு சொல்ல இங்க யாருக்கும் உரிமை இல்ல!" என்று மயில் அகவிச் சொன்னது. குட்டை முழுக்க ஆரவாரம்!  மொச்சையும் தட்டையும் காவல் இல்லாமல் புல்வெளி நடுவே துள்ளுவதைக் கொம்பி கண்ணாரப் பார்த்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல் முறையாகக் காலை நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கியது.

பொதுச் சொத்தைக் காக்க நினைக்கிறவர்கள் அதன் உயரத்தைப் பார்த்து மயங்காமல், முதலில் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும்.