பவளத்தின் மீன்

"பிள்ளைங்களுக்கு மீன் ஒட்ட வரலை, டீச்சர்" என்றார் தணிகைமணி.

"எத்தனை பேருக்கு?"

"பதினோரு பேருக்கும்."

நல்லமங்கை டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். மூடுபனி கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப யாருக்கு வருது?"

"எனக்கு வரும்."



தணிகைமணி ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். வயது அறுபது. வெறுங்கையால் அவர் வட்டம் போட்டால் காம்பஸ் வெட்கப்படும். டீச்சருக்கு முப்பத்திரண்டு. தன் வயதில் பாதியைச் சற்றே தாண்டியவரிடம் சீடனாக வந்து நிற்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அவ்வளவு ஏக்கத்தோடு மலையேறி இந்த மழலையர் பள்ளிக்கு வந்திருந்தார்.

வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"நாப்பது வருஷமா வரையறேன் டீச்சர். எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணுகூட என்கிட்ட பேச மாட்டேங்குது. உங்க பிள்ளைங்க ஒட்டறதெல்லாம் பேசுதுன்னு கீழ சொல்றாங்க. அதை எனக்குக் கத்துக்கொடுங்க."

டீச்சர் ஒரு கட்டு டிஷ்யூ தாளை அவர் கையில் வைத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை.

"வெள்ளிக்கிழமை பெத்தவங்க வராங்க. பிள்ளைங்களோட உக்காந்து மீன் செய்யுங்க. நீங்க இங்க இருக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பார்ப்போம்."

"கத்தரிக்கோல்?"

டீச்சர் தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

வேலை என்னவோ சுலபமானதுதான். தாளைக் கிழிக்க வேண்டும். கண்ணாடித் தாளில் மைதாப் பசை தடவி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் ஜன்னலில் தொங்கவிட வேண்டும். வெயில் வந்தால் மீன்கள் தரையில் நீந்தும்.

பிள்ளைகள் கிழித்தார்கள். அறை முழுக்க வண்ணம் பறந்தது. ஒருவன் தும்மினான், ஒரு மஞ்சள் துண்டு எழும்பி, யோசித்து, மெதுவாக இறங்கியது. அது இறங்கும்வரை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தணிகைமணி மட்டும் பவளத்தின் மீனைப் பார்த்தார். பவளத்துக்கு மூன்றரை வயது. அவளுடைய மீனுக்கு வயிற்றில் இரண்டு கண். தலைப் பக்கம் வால்.

"கண்ணு ஏன் பாப்பா வயித்துல?"

"பசிக்குதான்னு பாக்குது."

"வால் ஏன் முன்னாடி?"

"அப்பாகிட்ட திரும்பிப் போகுது."

அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் படுவார். இந்த முறை வெள்ளிக்கிழமை வருகிறார் என்று பவளம் சுவரிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் தணிகைமணி கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம் பிள்ளைகளின் வேலையை வாத்தியார் சரிசெய்வது அவர் பார்த்த பள்ளிகளில் எல்லாம் வழக்கம். அடியில் பிள்ளையின் பேர் இருக்கும், மேலே வாத்தியாரின் கை இருக்கும். பெற்றோர் மகிழ்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி உரித்தார். கண்களைத் தலைக்கு ஏற்றினார், வாலைப் பின்னால் அனுப்பினார். பதினோரு மீனும் ஒழுங்காயின. நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம்.

ஒன்றை மறந்துவிட்டார். இந்தப் பள்ளியில் பேர் எழுதுவதில்லை. பிள்ளையே பெற்றவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன்னுடையது எது என்று காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பனி விலகி வெயில் வந்தது.

தரை குளமாகிவிட்டது. சிவப்பும் நீலமும் கணுக்கால் அளவு நிற்க, அதில் பதினோரு மீன்கள் அசைந்தன. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மிதிக்கத் தயங்கி நின்றார்கள்.

"எவ்வளவு அழகு!" என்றார் ஒரு அம்மா. தணிகைமணிக்கு நெஞ்சு நிறைந்தது.

பிள்ளைகள் ஓடினார்கள். கைக்கு எட்டியதைத் தன்னுடையது என்றார்கள். ஒரே சிவப்பு மீனுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்.

பவளம் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மீனாகப் பார்த்தாள். கடைசிவரை போனாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"லோடு கீழ நிக்குது கண்ணு. எதுடா உன்னுது?"

"காணோம்பா."

தணிகைமணி ஓடிவந்து குனிந்தார். "இதோ பாரு, இதுதான் உன் மீன். தாத்தா கொஞ்சம் நேராக்கியிருக்கேன், அவ்வளவுதான்."

பவளம் அந்த மீனை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு என்னைத் தெரியல" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

தணிகைமணி மூலையில் இருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். டீச்சரிடம் போனார்.

"நான் கிளம்பறேன் டீச்சர்."

டீச்சர் ஒரு கிண்ணத்தில் பசையைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க ஐயா."

அவர் வாங்கிக்கொண்டார். டீச்சர் மிச்சமிருந்த தாள்களைப் பவளத்தின் முன்னால் பரப்பிவிட்டுப் போய்விட்டார்.

பவளம் உட்கார்ந்தாள். அப்பாவும் உட்கார்ந்தார். தணிகைமணி கிண்ணத்தோடு மண்டியிட்டார்.

அவள் கிழித்தாள், ஒட்டினாள். பழைய மீன் வரவில்லை. அது போனது போனதுதான். இது வேறு எதுவோ. மீன்தானா என்றும் சொல்ல முடியாது. கீழே கிளீனர் பையன் லாரி ஹாரனை அடித்தான். அப்பா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

பவளம் ஒரு நீலத் துண்டைக் கிழித்துத் தணிகைமணியிடம் நீட்டினாள்.

"நீயும் ஒட்டு."

அவர் கட்டைவிரல் பசையில் தோய்ந்தது. அந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று விரலுக்குத் தெரியும். விரல் போகத் தொடங்கிவிட்டது.

நின்றது.

"எங்க ஒட்டட்டும் பாப்பா?"

நாற்பது வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் அவர் இதைக் கேட்டதில்லை.

பவளம் யோசித்தாள். கண்ணாடித் தாளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காக்கிச் சட்டைப் பையின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க."

தணிகைமணி அங்கே ஒட்டினார்.